இந்த வாரப் படம்: கொக்குகள் பறக்கின்றன (1957)

உறுப்பினர்களுக்கு வணக்கம். மிகயீல் கலதோசவ் இயக்கிய இந்த சோவியத் படம் 1958 கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்றது. ஓட்டம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்.

சட்டகத்தின் அகல-உயர விகிதம் ஏறக்குறைய 4:3. இருபுறமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். திரையை நிரப்ப ஜூம் செய்தால் மேலும் கீழும் வெட்டுப்படும். நாயகன் போரிஸ் படியேறும் காட்சியே பாழாகிவிடும். டிவியின் மோஷன் ஸ்மூத்திங்கையும் (இடையில் ஃபிரேம்களைச் சேர்த்து அசைவை மென்மையாக்கும் வசதி) அணையுங்கள். ஒளிப்பதிவாளர் உருசெவ்ஸ்கி கையில் ஏந்தி எடுத்த கேமரா ஓட்டம் அதில் வழவழவென்று செயற்கையாகிவிடும்.

சப்டைட்டில் தொடக்கம் முதல் ஒரே அளவு தள்ளி வந்தால் நேரத்தை நகர்த்தினால் போதும். போகப்போகப் பிந்தினாலோ முந்தினாலோ நகர்த்திப் பயனில்லை. அது வேக வேறுபாடு (நொடிக்கு 24, 25 ஃபிரேம்). சப்டைட்டிலின் ஃபிரேம் வேகத்தைத்தான் மாற்ற வேண்டும்.

பொம்மை அணிலைக் கண்ணிலிருந்து விடாதீர்கள். பேருந்திலிருந்து இறங்கும் போரிஸின் காதலி வெரோனிகா கூட்டத்தைப் பிளந்துகொண்டு டாங்கிகளுக்கு நடுவே ஓடுவதை ஒரே ஷாட்டில் எடுத்திருக்கிறார்கள். இரண்டு முறை பார்க்கத் தகும். மருத்துவமனையில் போரிஸின் தந்தை பேசும்போது அவரைவிட வெரோனிகாவின் முகத்தைக் கவனியுங்கள். குடும்பத்தின் காயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ரயில் நிலைய இறுதிக் காட்சியைப் பற்றி, எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை, குழுவில் எழுத வேண்டாம்.