லுக்லா வரை சுமந்த அண்ணனுக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

தம்பி நேற்று மொட்டை மாடி வரை ஏறி இறங்கினான். மூச்சு வாங்கவில்லை. மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். நம் ஊர்ப் பள்ளிக் கழிப்பறைக்கு நிதி திரட்ட நானும் தம்பியும் நேபாளத்தில் எவரெஸ்ட் பாதையில் ஏறியபோது, லொபூச்சே என்ற ஊரில் உயரம் ஒத்துக்கொள்ளாமல் அவனுக்கு அன்று ராத்திரி என்ன ஆனது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

லொபூச்சேக்குக் கீழே பேரிச்சே ஊரில் இருக்கும் மருத்துவர்களுக்கு முதல் கும்பிடு. 1973 முதல் அங்கே, 4,200 மீட்டருக்கு மேலே, மலையேற்றப் பருவந்தோறும் ஏதேதோ நாட்டிலிருந்து மருத்துவர்கள் தொண்டாக வந்து உட்காருகிறார்கள். இருட்டில் தம்பியை இறக்கிக் கொண்டுவந்தவர்கள், பூண்டு சூப்பை ஊட்டாத குறையாகக் குடிக்க வைத்த விடுதி அக்கா, ஹெலிகாப்டர் விமானி, காப்பீட்டுக்காரர்களோடு விடிய விடிய போனில் மல்லுக்கட்டிய மாமா, அம்மாவுக்குத் துணையாக வந்து படுத்துக்கொண்ட எதிர்வீட்டு அக்கா, மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் என்று யாரையும் மறக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வருகிறேன்.

ஆனால் ஒருவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. எங்கள் மூட்டையைச் சுமந்த அண்ணன். அங்கே சுமை தூக்குகிறவர்கள் எல்லோரும் அந்த மலையிலேயே வாழும் ஷெர்பா இனத்தவர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இவரைப் போலக் கீழ்மலைக் கிராமங்களிலிருந்து பிழைப்புக்கு வருகிறவர்கள்தான் நிறைய. முதுகில் கூடை, பாரம் முழுக்க நெற்றிப் பட்டையில், கையில் டி வடிவக் கட்டை. நிற்கும்போது கூடைக்கு அடியில் அந்தக் கட்டையை முட்டுக் கொடுத்துக்கொள்வார்கள்.

வழியில் நாம்சே என்ற ஊரில் நெகிழிக் குப்பையைத் துண்டாக்கி, ஒவ்வொரு கிலோவாகப் பையில் கட்டி வைத்திருப்பார்கள். இறங்கும் பயணிகள் ஆளுக்கு ஒன்றை, மலைப்பாதை தொடங்கும் லுக்லா விமான நிலையம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கலாம். பிறகு அது மறுசுழற்சிக்குக் காத்மாண்டு போகும். நாம்சே வண்டிப் பாதையே இல்லாத ஊர், சுமை போவது பெரும்பாலும் மனிதர் முதுகிலோ மாடு, கோவேறு கழுதை முதுகிலோதான். ஏறும்போதே தம்பி அந்தப் பைகளைக் காட்டி, "திரும்பும்போது எனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று" என்று அண்ணனிடம் சைகையில் சொல்லியிருந்தான். அவர் சிரித்துக்கொண்டார்.

அப்புறம் நாங்கள் ஹெலிகாப்டரில் போய்விட்டோம். மூட்டைகளோடு அவர் தனியாக நடந்து இறங்கினார். தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தபோது வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. லுக்லாவில் ஒரு மேசை, அதன்மேல் இரண்டு குப்பைப் பைகள். எங்கள் மூட்டையைக் கட்டிய அதே பச்சைக் கயிற்றால் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார். மேசை ஓரத்தில் அவருடைய கட்டை சாய்ந்திருந்தது. கீழே "லுக்லா ஓகே" என்று மட்டும் எழுதியிருந்தார்.

யாரும் கேட்கவில்லை, கூலியும் பேசவில்லை. இரண்டு கிலோ பெரிதா என்று தோன்றும். ஏற்கெனவே கழுத்தை அழுத்துகிற பாரத்தின்மேல் இரண்டு கிலோ, நாம்சேயிலிருந்து கிடுகிடுவென இறக்கம், தொங்குபாலங்கள், கடைசியில் லுக்லாவுக்கு ஏற்றம் வேறு. படத்தைக் காட்டியதும் தம்பி பிராணவாயுக் குழாயோடு சிரித்தான். அதுவரை அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அங்கே நான் பார்க்கவில்லை.

நம் ஊர்ப் பள்ளிக்குக் கழிப்பறை கட்ட நீங்கள் கொடுத்த பணம் மொத்தமும் பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்கில் இருக்கிறது. பயணச் செலவும் ஆஸ்பத்திரிச் செலவும் அதைத் தொடவில்லை. இதைச் சொல்லிவிடுவது நல்லது. நற்பணிக்காக மலையேறுகிறோம் என்று சொல்லி, வந்த பணத்தில் பாதியை விமான டிக்கெட்டுக்குப் போடுகிற கூத்தும் நடக்கத்தான் செய்கிறது.

இன்னொன்று. நன்கொடை கேட்ட சுவரொட்டியில் எங்கள் இரண்டு பேர் மூஞ்சிதான் இருந்தது. இனி இந்த மாதிரிப் பயணத்துக்கு யார் என்னிடம் யோசனை கேட்டாலும், சுமை தூக்குகிறவரின் காலில் என்ன செருப்பு, அவருக்குக் காப்பீடு உண்டா, கூடை 30 கிலோவைத் தாண்டுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன். அண்ணனுக்கு நல்ல பூட்ஸ் வாங்கியாயிற்று. காத்மாண்டு போகும் நண்பர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அளவைக் கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை நாம்சேவுக்கு மேலே போவதாக இல்லை. அதுவரை ஏறி, பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதாக உத்தேசம். தம்பியும் வருகிறேன் என்கிறான். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.