தம்பி, இத முழுசா படி

தம்பி, போன்ல சொன்னா பாதியிலயே "சரிம்மா சரிம்மா"ன்னு வச்சிடுவ, அதான் எழுதி அனுப்புறேன், ஷிஃப்ட் முடிச்சு ரூமுக்கு வந்து பொறுமையா படி.

உன் பொண்டாட்டிக்கு ஆறாவது மாசம். செவ்வாக்கிழமை செக்கப்புக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன், ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 9தான் இருக்கு, 11 இருக்கணுமாம். நர்சம்மா குடுத்த இரும்புச்சத்து மாத்திரைய இவ ஒழுங்காப் போடல, கேட்டா வெளிக்குக் கருப்பாப் போவுது பயமா இருக்குங்குறா. அந்த மாத்திரைக்கு அப்படித்தான் போவும்னு நர்சம்மா சொன்னப்புறம்தான் அவளுக்கு உசுரே வந்துச்சு. இப்ப ராத்திரி சாப்பிட்டுப் படுக்குறப்ப போடுறா, டீயோட மட்டும் போடக்கூடாதாம்.

ஒரு ஸ்கேன் எடுக்கணும்னாகூட "அவங்களக் கேட்டுட்டு சொல்றேன்"ங்குறா தம்பி. நீ சிங்கப்பூர்ல வேலையில நிப்ப, எப்ப போன் எடுத்து எப்ப சரின்னு சொல்றது? தலைவலி தாங்கல, கண்ணு மங்குது, மூஞ்சி வீங்குது, ரத்தம் படுதுன்னா யாரையும் கேக்காம 108க்குப் போடுன்னு சொல்லிட்டேன். நீயும் உன் வாயால சொல்லு, நான் சொன்னா மாமியா சொன்னதாத்தான் இருக்கும். மேஜரான பொண்ணு, அவ ஒடம்புக்கு அவளே கையெழுத்துப் போடலாம்.

அப்புறம் மாசமா இருக்குறவங்களுக்கு கவர்மென்ட் குடுக்குற அந்த முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துப் பணம். மொத்தம் 18,000, அதுல 14,000 காசு, மிச்சம் 4,000க்கு சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய்யின்னு ரெண்டு பெட்டி. காசு தவணை தவணையா அவ அக்கவுண்டுக்கு வரும். அத பைக் டியூவுக்குக் கட்டுன்னியாமே, ஓட்ட ஆளில்லாம திண்ணையோரம் நிக்கிற பைக்குக்கு! நல்லாருக்குடா. அவ முட்டையும் பழமும் வாங்கித் திங்கட்டும்.

கார்த்திகையில வளைகாப்பு. பிரசவம் இங்கயா அவ அம்மா வீட்லயான்னு நீயும் நானும் பேசி முடிவு பண்ண வேணாம். அவ அங்க போறேங்குறா, எனக்கும் அதான் சரின்னு படுது, மன்னார்குடி டவுனுக்குள்ள வீடு, ஆஸ்பத்திரி கிட்ட. நம்ம ரோடு 2018 கஜா புயல்ல மரம் விழுந்து கெடந்தது உனக்கே தெரியும். கர்ப்பத்த கவர்மென்ட்ல பதிஞ்சா குடுக்குற பிக்மி நம்பர் வாங்கியாச்சு, எங்க பொறந்தாலும் அதே நம்பர்தான், பர்த் சர்டிபிகேட்டுக்கும் அதத்தான் கேப்பாங்க. சிக்கல்னா தஞ்சாவூர் மிராசுதார் ஆஸ்பத்திரி இருக்கு. பிரசவ ரூம்ல கூட ஒரு பொம்பள இருக்கலாமாம், அவங்கம்மாவச் சொல்லிட்டா, எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்துச்சு, இருக்கட்டும், வலி அவளுக்குத்தான.

தை கடைசியில தேதி, லீவு இப்பவே கேட்டு வை. வர்றப்ப கோடாலித் தைலம் ரெண்டு பாட்டில், முட்டி வலி தாங்கல.

அம்மா