மலையிறங்கியதும் ஓடிவராதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நேபாள மலையேற்றக் கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஆனால், இறங்கி வந்த பிறகு காத்மாண்டுவைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் போதும் என்று எழுதியிருந்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

நானும் என் தங்கையும் கடந்த கார்த்திகையில் நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்குக்கு மலையேறப் போய்வந்தோம். எங்களை அழைத்துச் சென்ற நிறுவனமும் ஊர் பார்க்க ஒரே நாளைத்தான் ஒதுக்கியிருந்தது. பசுபதிநாதர், பௌத்தநாத், சுயம்புநாத், அரண்மனைச் சதுக்கம் என்று வேனில் ஏற்றி இறக்கி மாலைக்குள் முடித்துவிட்டார்கள். பௌத்தநாத் ஸ்தூபியை முழுதாக ஒரு சுற்று வலம்வரக்கூட நேரமில்லை. நல்லவேளையாக, ஊர் திரும்பும் டிக்கெட்டை மூன்று நாள் தள்ளிப் போட்டிருந்தோம்.

லாங்டாங்கைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்த அவசரம் மனசுக்கு ஆகாது. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் மலையிலிருந்து பனியும் பாறையும் சரிந்து அங்கிருந்த லாங்டாங் கிராமத்தையே மூடிவிட்டன. பாறை மறைவில் இருந்த ஒரே ஒரு வீடுதான் தப்பியது. இன்றைய நடைபாதை அந்தக் கல்மேட்டின் மேலேயே போகிறது. காலுக்குக் கீழே ஒரு ஊர் இருக்கிறது என்று தெரிந்ததும் எங்கள் குழுவில் யாருக்கும் பேச்சு வரவில்லை. எஞ்சியவர்கள் சற்றுத் தள்ளிப் புது லாங்டாங்கைக் கட்டி, அங்கே விடுதி நடத்தி வாழ்கிறார்கள். அவர்கள் கையால் சோறும் பருப்பும் சாப்பிட்டோம்.

அதே நிலநடுக்கம்தான் காத்மாண்டு பள்ளத்தாக்கின் கோயில்களையும் சாய்த்தது. நகரத்துக்கே பெயர் தந்த காஷ்டமண்டபம் அடியோடு விழுந்தது. காஷ்டம் என்றால் மரம். அதைத் திரும்பவும் மரத்தாலேயே எழுப்பி 2022இல் முடித்திருக்கிறார்கள். மேலே பார்த்ததைத்தான் கீழேயும் பார்க்கிறோம் என்று எனக்குத் தோன்றியது.

காத்மாண்டுவை ஒட்டியுள்ள பாட்டன் என்ற பழைய நகரத்துக்கு ஒரு நாள் வேண்டும். 1637இல் எழுந்த கிருஷ்ணர் கோயிலின் கல்லில் ராமாயணமும் மகாபாரதமும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்திலேயே படியிறங்கிப் போகும் மங்க ஹிட்டி என்ற நீர்த்துறை, ஆறாம் நூற்றாண்டினது. மகர வாய்களிலிருந்து கொட்டும் தண்ணீரைப் பெண்கள் இன்றும் குடத்தில் பிடித்துப் போகிறார்கள்.

இன்னொரு பழைய நகரமான பக்தபூர், காத்மாண்டுவிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர். காத்மாண்டுவின் பாக்பஜாரில் பஸ் ஏறினால் போதும். அங்குள்ள ஐந்தடுக்கு நியாதபோல கோயில் 1702இல் கட்டியது. 1934, 2015 ஆகிய இரண்டு பெரிய நிலநடுக்கங்களையும் தாங்கி நிற்கிறது. படியின் இருபுறமும் கீழிருந்து மல்லர்கள், யானைகள், சிங்கங்கள், யாளி போன்ற உருவங்கள், உச்சியில் இரண்டு தேவியர். ஒவ்வொரு வரிசைக்கும் அதற்குக் கீழுள்ளதைவிடப் பத்து மடங்கு பலம் என்பது ஊர் நம்பிக்கை. சதுக்கத்தைச் சுற்றியுள்ள கட்டடங்களில் கூரைக் கட்டைகளைக் கவனித்துப் பாருங்கள். பழையவை எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கும், புதியவை வெளிறியிருக்கும். எது விழுந்தது, எது நின்றது என்பதை நிறமே சொல்லிவிடும்.

அப்புறம் ஜுஜு தௌ. அந்தப் பள்ளத்தாக்கின் நேவாரி மொழியில் ராஜா தயிர் என்று பொருளாம். எருமைப் பாலில், மண்சட்டியிலேயே உறைய வைக்கிறார்கள். சட்டி நீரை உறிஞ்சிவிடுவதால் கரண்டி வைத்தால் கட்டியாக வெட்டுப்படும். ஓரத்துத் தயிரில் லேசாக மண்வாசம். அந்தச் சட்டிகளை வனைகிற குயவர்களின் முற்றம் நாலு தெரு தள்ளித்தான், வைக்கோல் மேல் வெயிலில் காய வைத்திருப்பார்கள்.

ஒரு முக்கியமான விஷயம்: நேபாளத்துக்கு விமானத்தில் போக, 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு ஆதார் அட்டை செல்லாது, பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும்.

அடுத்த முறை இமயமலைப் பயணம் பற்றி எழுதும்போது, பக்தபூரில் ஒரு இரவாவது தங்கச் சொல்லி எழுதுங்கள். இருட்டும் முன்பே சுற்றுலா வேன்கள் காத்மாண்டுவுக்குத் திரும்பிவிடும். அதன்பின் கோயில் திண்ணைகளில் ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்காருகிறார்கள். விடியுமுன் பூத்தட்டோடு பெண்கள் வந்து ஒவ்வொரு மணியாக அடித்துப் போகிறார்கள். நாங்கள் அந்த மணிச் சத்தத்தில்தான் கண்விழித்தோம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
கோயம்புத்தூர்