கேட்டில் நிற்பவருக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பேரிடர் நேரத்தில் மருத்துவமனைகள் எப்படித் தயாராக இருக்க வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் என்னென்ன பயிற்சி தேவை என்று நிதானமாக எழுதியிருந்தார்கள். ஆனால் நடுவில் ‘பிற பணியாளர்கள் ஒத்துழைக்க வேண்டும்’ என்று ஒரே ஒரு வரி வருகிறது. அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். அந்தப் பிற பணியாளர்களில் நானும் ஒருவன். 24 வருடம் மருத்துவமனை வண்டி ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். வாட்ச்மேன், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், டெலிபோன் ஆபரேட்டர், லிஃப்ட் ஆபரேட்டர், எலக்ட்ரீசியன், துப்புரவுப் பணியாளர், பதிவேடு எழுதும் குமாஸ்தா எல்லோரும் அந்த ஒரு வரிக்குள் அடக்கம். ஒத்துழைக்க நாங்கள் தயார்தான். எதைச் செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

நான் பார்த்ததையே சொல்கிறேன். பக்கத்தில் ஒரு கட்டடம் சரிந்த அன்று எங்கள் வாசலுக்கு முதலில் வந்தது ஆம்புலன்ஸ் இல்லை, ஒரு சரக்கு வண்டி. பின்பக்கம் ஐந்து பேர், தலைமுதல் கால்வரை சிமெண்ட் தூசி. வாட்ச்மேன் பதறிப்போய்க் கேட்டை அகலத் திறந்துவிட்டார். வண்டி நேராக அவசர சிகிச்சைப் பிரிவின் படிக்கட்டு வரை போய் நின்றது. ஒட்டினாற்போல் இரண்டு கார், ஒரு வேன். சரக்கு வண்டியை ஓட்டி வந்தவர், கூட வந்த தம்பியைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார், சாவி அவர் பையில். அதோடு எல்லாம் நின்றது. பின்னால் வந்த ஆம்புலன்ஸ் சாலையிலேயே சைரன் போட்டுக்கொண்டு நிற்க, ஸ்ட்ரெச்சர்களைக் கார்களுக்கு நடுவே சாய்த்துச் சாய்த்துக் கொண்டு போனோம். மறுநாள் அந்த வாட்ச்மேனிடம் விளக்கம் கேட்டார்கள். “கேட்டைத் திறக்கணும்னு தெரியும் சார். வந்த வண்டி எந்தப் பக்கமா வெளியே போகணும்னு எனக்கு யாரு சொன்னா?” என்றார். கேட்டவர்களிடம் பதில் இல்லை.

ஒரு வழி உள்ளே, ஒரு வழி வெளியே; ஆளை இறக்கியதும் வண்டி நகர வேண்டும்; சாவி வண்டியிலேயே இருக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும்.

இது ஏதோ ஒரு சின்ன மருத்துவமனையின் கதை என்று தள்ளிவிட முடியாது. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சுவாயு பரப்பப்பட்டபோது, செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு மட்டும் அன்று 640 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் ஆம்புலன்சில் வரவில்லை. நடந்தும், டாக்சியிலும், வழியில் போன வண்டிகளிலும் வந்தார்கள். அவர்கள் உடையில் ஒட்டியிருந்த நஞ்சு காற்றில் கலந்ததில் மருத்துவமனை ஊழியர்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கண் மங்கல், தலைவலி என்று தொல்லை வந்தது. இப்படி வருபவர்களை முதலில் எதிர்கொள்வது டாக்டரா, வாசலில் நிற்பவரா? வருபவரைக் கட்டடத்துக்கு வெளியிலேயே நிறுத்தி மேலுடையைக் கழற்றச் சொன்னாலே நஞ்சில் பெரும்பகுதி போய்விடும் என்பது வாசலில் நிற்பவருக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவம் படிக்காதவர்களால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கும், அவர்களைப் பழக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் 1985 மெக்சிகோ சிட்டி நிலநடுக்கம்தான் சாட்சி. அக்கம்பக்கத்து ஜனங்களே இறங்கி 800 பேருக்கு மேல் உயிரோடு மீட்டார்கள். அந்த 15 நாள் மீட்புப் பணியில் அவர்களில் 100 பேருக்கு மேல் செத்தும் போனார்கள். அதைப் பார்த்த லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறை, சாதாரண மக்களுக்கென்றே ஒரு பயிற்சியை உருவாக்கியது. 1993 முதல் அது அமெரிக்கா முழுக்க நடக்கிறது. மொத்தம் 20 மணி நேரம் போலத்தான் ஆகும். தீயணைப்பானைப் பிடிப்பது, இடிபாட்டில் தேடுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, ஒருவர் தலைமையில் குழுவாக நிற்பது, அவ்வளவே.

அப்படி ஒரு பாடத்தை இங்கே என்னை எழுதச் சொன்னால் முதல் பாடம் ‘நில்’ என்பதாகத்தான் இருக்கும். ஓடத் தெரியாதவர் யாருமில்லை, நிற்கத்தான் தெரியாது. அறுந்து கிடக்கும் மின்கம்பி, கேஸ் வாடை, பாதி தொங்கும் சுவர், இதையெல்லாம் பார்க்காமல் உள்ளே பாய்பவர் இன்னொரு நோயாளியாகத்தான் வெளியே வருவார். கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழ, அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்கிய கதை யாருக்குத் தெரியாது? மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள்தான் என்று அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் 1986இலேயே எச்சரித்தது. வண்டிக்காரன் என்ற முறையில் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடும் வெள்ளம் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும், 30 சென்டிமீட்டர் சின்னக் காரை நகர்த்தும், 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போய்விடும். ‘பெரிய வண்டிதானே, போயிடலாம்’ என்று நானே ஒரு தடவை இறங்கியிருக்கிறேன். திரும்பி வந்தது என் சாமர்த்தியம் இல்லை.

ரத்தம் பீறிட்டால் விடாமல் அழுத்திப் பிடிப்பது, மூச்சும் நாடியும் நின்றவருக்கு நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்குவது, இவை எல்லாப் பயிற்சியிலும் வந்துவிடுகின்றன. விட்டுப்போவது வேறு. கனமான தூண் காலின் மேல் விழுந்து பல மணி நேரம் மாட்டியிருப்பவர் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். நாலு பேர் சேர்ந்து தூணைத் தூக்கியதும், கைதட்டல் அடங்குவதற்குள் சரிந்துவிடுவார். நசுங்கிய தசையில் சேர்ந்த நஞ்சு ஒரே மூச்சில் ரத்தத்தில் கலந்து இதயத்தைத் தாக்கும், தப்பினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 1941இல் குண்டுவீச்சுக்கு ஆளான லண்டனில் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய சகாவும் இதை விவரமாக எழுதி வைத்தார்கள். சிகிச்சை டாக்டர் வேலை. ‘ரொம்ப நேரமாக மாட்டியிருக்கிறார், தூக்குவதற்கு முன்னால் டாக்டரைக் கூப்பிடு’ என்று தெரிந்திருக்க வேண்டியது கடப்பாரை பிடித்திருப்பவருக்கு.

யாருக்கு முதலில் சிகிச்சை என்று காயம்பட்டவர்களைத் தரம் பிரிப்பது பற்றிக் கட்டுரையாளருடன் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு. அது முழுக்க மருத்துவர் வேலை என்கிறார். 1983இல் கலிபோர்னியாவில் ஒரு மருத்துவமனையும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து வகுத்த ‘ஸ்டார்ட்’ முறையின் முதல் படி என்ன? “நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் வாருங்கள்” என்று குரல் கொடுப்பதுதான். அதற்கு ஸ்டெதாஸ்கோப் வேண்டாம், குரல் இருந்தால் போதும். வந்தவர்களுக்குப் பச்சை அட்டை, அதாவது அவசரமில்லை. வராதவர்களில் மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டுகிறதா, நகத்தை அமுக்கிவிட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா, ‘கையைத் தூக்கு’ என்றால் தூக்குகிறாரா என்று பார்த்து மஞ்சளோ (கொஞ்சம் காத்திருக்கலாம்) சிவப்போ (உடனே கவனி) கட்டுவதையும் பழகினால் செய்யலாம். இறந்துவிட்டார் அல்லது பிழைக்க மாட்டார் என்று கறுப்பு அட்டை கட்டிவிட்டு அடுத்த ஆளிடம் நகர்வதுதான் கடினம். அதை டாக்டரிடம் விட்டுவிடலாம் என்பேன். அலறுகிறவரைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். சத்தமே போடாமல் கிடப்பவரைத் தேடிப் போகப் பழக்க வேண்டும்.

இன்னொன்று, எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்காதது. ஒரு ஒத்திகையில் அட்டையில் எழுத எல்லோருக்கும் பால்பாயிண்ட் பேனா கொடுத்தார்கள். லேசாகத் தூறல். நனைந்த அட்டையில் பேனா வெறும் பள்ளம்தான் போட்டது. பதிவேடு எழுதும் அம்மா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மொத்த அட்டையையும் எழுதி முடித்தார். பேரிடர்ப் பெட்டியில் பென்சில் வையுங்கள் என்று அன்றே எழுதிக் கொடுத்தோம். வைத்தார்களா என்று கேட்காதீர்கள்.

அந்த அம்மா போன்றவர்களுக்கும் பாடம் இருக்கிறது. இறந்த உடல்களால் கொள்ளைநோய் வந்துவிடும் என்ற பயத்தில் அவசர அவசரமாக மொத்தமாகப் புதைத்துவிடுகிறார்கள். விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ இறந்தவர்களால் அப்படிக் கொள்ளைநோய் பரவுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. ஒவ்வொரு உடலுக்கும் ஒரு எண், ஒரு போட்டோ, கிடைத்த இடம். இந்த மூன்றும் பதிவானால் தேடி வரும் குடும்பத்துக்கு ஒரு பதிலாவது கிடைக்கும்.

தேடி வருகிறவர்களிடம் பேசுவதற்கும் முறை உண்டு. மன முதலுதவிக்காக 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி ‘பார், கேள் (காதுகொடு), இணை (உதவியோடு சேர்த்துவிடு)’ என்று மூன்றே சொல்லில் முடிக்கிறது. ‘என்ன நடந்தது, சொல்லுங்க’ என்று தோண்டக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. இது எங்களுக்கும் பொருந்தும். கட்டடம் சரிந்த அன்று என் வண்டியைக் கழுவிய துப்புரவுப் பணியாளர் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை.

பயிற்சியே நடப்பதில்லை என்று சொல்ல மாட்டேன். பகல் ஷிப்டில், ஏசி அறையில், ப்ரொஜெக்டரில் படம் காட்டி, சாயங்காலம் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறார்கள். இரவு ஷிப்ட் ஆட்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் பட்டியலிலேயே இருப்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு கேட்டில் நிற்பது பெரும்பாலும் ஒப்பந்த ஆள்தான். நெஞ்சை அமுக்கும் பழக்கமே மூன்று முதல் ஆறு மாதத்தில் கையை விட்டுப் போக ஆரம்பிக்கும் என்கிறார்கள். வருடத்துக்கு ஒரு நாள் வகுப்பை விட, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஷிப்ட் மாறும் நேரத்தில் அரை மணி நேரம் மேல். அவரவர் வேலை செய்யும் இடத்திலேயே, அவரவர் பிடிக்கும் ஸ்ட்ரெச்சரையும் வாக்கி டாக்கியையும் வைத்து நடத்த வேண்டும். ஒருவருக்குக் கீழே ஐந்து பேர், மிஞ்சினால் ஏழு பேர். யார் சொன்னால் யார் கேட்பது என்பது அன்றைக்கே முடிவாகிவிட வேண்டும்.

உங்கள் நிருபர் அடுத்து எந்த மருத்துவமனைக்குப் போனாலும் மேலதிகாரியைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்டில் நிற்பவரிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: “இப்போ பத்து வண்டி சேர்ந்தாப்போல வந்தா, எந்த வழியா வெளியே அனுப்புவீங்க?” யோசிக்காமல் கையை நீட்டி வழி காட்டுகிற இடத்தின் பெயரை மட்டும் இதழில் போடுங்கள். ஒரு பத்திக்கு மேல் இடம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவமனை வாகன ஓட்டுநர் ஒருவர்