டைனோசர் எலும்புக்கூடுகளை ஏலம் விடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஏல நிறுவனத்தாருக்கும், அவர்களிடம் வாங்கும் சேகரிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

2025 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த ஏலத்தை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. செரட்டோசாரஸ் என்ற டைனோசர் இனத்தைச் சேர்ந்த ஓர் இளம் விலங்கின் எலும்புக்கூடு அது. 40 முதல் 60 லட்சம் டாலர் வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 3 கோடியே 5 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவர் பெயர் வெளிவரவில்லை. அந்த இனத்தில் இதுவரை தெரியவந்த ஒரே இளம் எலும்புக்கூடு இதுதான் என்று விற்பனைக் குறிப்பிலேயே பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று தெரிந்தும், யார் கைக்குப் போகிறது என்று பாராமல் அதை விற்க எப்படி மனம் வந்தது?

புதைபடிவ எலும்புகளைப் படிப்பது என் வேலை. உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: அறிவியலுக்கு முக்கியமான எந்த எலும்புக்கூட்டையும், அது ஒரு பொது அருங்காட்சியகத்தின் பதிவேட்டில் நிரந்தரமாக ஏறும் என்ற நிபந்தனை இல்லாமல் விற்காதீர்கள்.

இந்தக் கோரிக்கை எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். டைனோசர்கள் எப்படி வளர்ந்தன என்பதை எலும்பை வெட்டித்தான் அறிகிறோம். தொடை எலும்பிலிருந்தோ கெண்டைக்கால் எலும்பிலிருந்தோ ஒரு சிறு துண்டு வெட்டி, பிசினில் பதித்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒளி ஊடுருவும் வரை தேய்ப்போம். நுண்ணோக்கியில் பார்த்தால், ஆண்டுதோறும் வளர்ச்சி சற்று நின்ற இடங்கள் வரிவரியாகத் தெரியும். வரிகளுக்கு நடுவே அகலமான இடைவெளி இருந்தால் அந்த வருஷம் விலங்கு மளமளவென்று வளர்ந்திருக்கிறது. வெளி ஓரத்தில் வரிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றால் வளர்ந்து முடிந்த விலங்கு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விலங்கு வளர வளர எலும்பின் நடுவிலுள்ள மஜ்ஜைக் குழி பெரிதாகி, உள்ளே இருக்கும் முதல் சில ஆண்டுகளின் வரிகளைத் தின்றுவிடும். முதிர்ந்த எலும்பு எத்தனை கிடைத்தாலும் அதன் குழந்தைப் பருவம் அதில் இருக்காது. அதைக் காட்ட இளம் விலங்கின் எலும்பு ஒன்றுதான் வழி. இளம் எலும்புக்கூடுகளோ மிக அரிதாகவே கிடைக்கின்றன. அப்படிக் கிடைப்பதில் ஒன்று விற்பனைக்குப் போகும்போது எங்களுக்கு ஏன் வயிறு எரிகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

என் ஆய்வுக்கும் இப்படி ஓர் இளம் எலும்புக்கூடு தேவைப்பட்டது. அது விற்கப்பட்ட பிறகு எனக்கு மிஞ்சியது விற்பனைப் பட்டியலில் இருந்த படங்கள் மட்டும். விளக்கொளியில் அழகாக எடுத்த படங்கள்தான். ஆனால் பக்கத்தில் ஓர் அளவுகோல் இல்லை, எது உண்மையான எலும்பு, எது பூச்சு வைத்து நிரப்பிய இடம் என்ற குறிப்பு இல்லை. விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன். வாடிக்கையாளர் விவரத்தை வெளியிட இயலாது என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது. என் கடிதத்தையாவது அவரிடம் சேர்த்துவிடுங்கள் என்று மறுபடி எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை. அந்த எலும்பு இன்று எந்த நாட்டில், எந்த வீட்டில் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆய்வின் அந்தப் பகுதியை விட்டுவிட்டேன்.

உரிமையாளர் பெருந்தன்மையோடு கதவைத் திறந்துவிட்டாலும் சிக்கல் தீராது. நான் இன்று அளந்ததை நாளை வேறொருவர் வந்து அளந்து, தவறு என்றால் தவறு என்று சொல்ல முடிய வேண்டும். அந்த வழி இல்லாத ஆய்வை அறிவியல் என்று எப்படிச் சொல்வது? தனியார் கையில் உள்ள மாதிரியை வைத்து எழுதிய கட்டுரைகளைப் பல ஆய்விதழ்கள் ஏற்காததற்கும் இதுதான் காரணம். உரிமையாளர் மனம் மாறலாம், இறந்து போகலாம், விற்றுவிடலாம்.

இது ஓரிரண்டு எலும்புக்கூடுகளோடு நிற்கும் விஷயமும் இல்லை. டைரனோசாரஸ் ரெக்ஸில் (டி. ரெக்ஸ்) ஆய்வுக்கு உதவும் மாதிரிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் தாமஸ் கார் கணக்கெடுத்து 2025-ல் வெளியிட்டார். பொது நிறுவனங்களில் 61, தனியாரிடமும் வணிகர்களிடமும் 71. உலகத்தில் மிக அதிகம் ஆராயப்பட்ட டைனோசருக்கே இந்த நிலை.

பொதுக் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் கண்முன்னே உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் மோன்டானாவில் 2006-ல் ஒரு டிரைசெராடாப்ஸும் டைரனோசாரஸ் போன்ற ஒரு சிறிய விலங்கும் பக்கத்தில் பக்கத்தில் கிடைத்தன. 2013-ல் ஏலத்துக்கு வந்தன. எதிர்பார்த்த விலை வராததால் விற்கவில்லை. அப்புறம் யாருக்குச் சொந்தம் என்று நீதிமன்றத்தில் வழக்கு. 2020-ல்தான் வட கரோலினா இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. 2025 அக்டோபரில் அந்தச் சிறிய விலங்கைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. எலும்பிலிருந்த வளர்ச்சி வரிகளைப் பார்த்து, இது டி. ரெக்ஸின் குட்டி இல்லை, ஏறக்குறைய 20 வயதான, வளர்ந்து முடிந்த நானோடைரனஸ் என்ற தனி வகை என்றார்கள். 1988-ல் அந்தப் பெயர் வைத்த நாளிலிருந்து நடந்துவந்த சண்டை அது. 2013-ல் யாராவது ஒரு செல்வந்தர் விலையைக் கூட்டிக் கேட்டிருந்தால், அந்த வரிகளை இன்றுவரை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

வாங்கியவர் அருங்காட்சியகத்துக்குக் கடனாகக் கொடுக்கத்தானே போகிறார் என்பீர்கள். 2024-ல் 4 கோடியே 46 லட்சம் டாலருக்கு விற்ற அபெக்ஸ் என்ற ஸ்டெகோசாரஸ் அப்படித்தான் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வந்தது. அங்கே ஆய்வுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். நல்லது, அதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் அந்தக் கடன் நான்கு ஆண்டுகளுக்கு. அதற்கப்புறம்? பார்வையாளர்கள் படம் எடுத்துக்கொண்டு போக நான்கு ஆண்டு தாராளம். ஒரு கேள்வியைத் தீர்க்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் எடுக்கும் துறையில் அது எந்த மூலைக்கு?

விற்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு நூற்றாண்டுக்கு முன் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் மேரி ஆனிங் புதைபடிவங்களைத் தோண்டி விற்றுத்தான் பிழைத்தார். அவர் தேடியெடுத்தவற்றில் பல இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். வெயிலிலும் காற்றிலும் நொறுங்கிப் போகவிருந்த எலும்புகளை வணிகர்கள் காப்பாற்றியதும் உண்டு. அமெரிக்காவில் தனியார் நிலத்தில் கிடைப்பது நிலத்துக்காரருக்கே சொந்தம் என்ற சட்டத்தையும் அறிவேன். சட்டம் அனுமதிக்கிறது என்பதோடு உங்கள் பொறுப்பு முடிந்துவிடுமா?

சட்டம் அனுமதிக்காததும் உங்கள் மேடைக்கு வந்திருக்கிறதே! 2012-ல் நியூயார்க்கில் 10 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போன டார்போசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு மங்கோலியாவிலிருந்து கடத்தப்பட்டது. அந்த நாட்டு அரசு எதிர்த்து, வழக்கு நடந்து, 2013-ல் தாயகம் திரும்பியது. எலும்பு திரும்பியதே தவிர, அது எந்தப் பாறை அடுக்கில் கிடந்தது, பக்கத்தில் என்ன பற்கள், என்ன சிப்பிகள், என்ன மகரந்தத் துகள்கள் இருந்தன என்பதெல்லாம் போனது போனதுதான். அவசரமாகத் தோண்டுகிறவன் அதையெல்லாம் மண்ணோடு தள்ளிவிடுகிறான். விற்பனைக்கு வந்த எலும்புக்கூட்டின் தோண்டிய குறிப்பேட்டை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் என்று வாங்குகிறவர்களிடமும் சொல்லத் தோன்றுகிறது. இவ்வளவு கோடி கொட்டுகிறவர்கள் அதைக் கேட்காமல் எப்படி இருக்கிறார்கள்?

கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செய்யக்கூடிய காரியத்தைத்தான் கேட்கிறேன். 1997-ல் 'சூ' என்ற டி. ரெக்ஸ் ஏலத்துக்கு வந்தபோது, மெக்டொனால்ட்ஸ், டிஸ்னி போன்ற நிறுவனங்கள் கைகொடுத்து, சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகம் 83 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு வாங்கியது. விற்றவருக்குப் பணம் கிடைத்தது, எலும்பு எல்லோருக்கும் கிடைத்தது. சேகரிப்பாளர்களே, நீங்களும் அப்படி வாங்கிக் கொடுங்கள். உங்கள் பெயரையே வைக்கட்டும், கூடத்தின் நடுவே நிறுத்தட்டும். ஒரே இடத்தில், நிரந்தரமாக, பதிவு எண்ணோடு இருந்தால் போதும்.

ஏல நிறுவனத்தாரே, உங்கள் அடுத்த பட்டியல் அச்சுக்குப் போகும் முன் இரண்டு வரி சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: இந்த எலும்புக்கூட்டை வாங்குபவர் அதைப் பொது அருங்காட்சியகம் ஒன்றில் நிரந்தரமாகச் சேர்ப்பார், தோண்டிய இடத்தின் முழுக் குறிப்புகளும் அதனோடு சேர்ந்தே போகும். ஏற்கெனவே விற்ற அந்த இளம் செரட்டோசாரஸுக்கும் காலம் கடந்துவிடவில்லை. வாங்கியவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். இந்த மடலையாவது அவரிடம் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
புதைபடிவ எலும்புகளைப் படிக்கும் ஓர் ஆய்வாளர்