கோடு ரிவ்யூ கருவிக்கு விதி எழுத வேண்டியது டீம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐ.டி. நிறுவனங்களில் கோடு ரிவ்யூவையும் ஏ.ஐ. பார்க்கத் தொடங்கிவிட்டது, சீனியர்களுக்கு இனி அந்த வேலை மிச்சம் என்ற பொருளில் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதும் சிறிய டீம் ஒன்றுக்கு நான் லீடு. கட்டுரை தொடாமல் விட்ட ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எதைப் பார்க்க வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும், எது வந்தால் மெர்ஜை, அதாவது புதுக் கோடு பொதுக் கோடோடு சேர்வதை, நிறுத்த வேண்டும் என்றெல்லாம் கருவிக்குச் சொல்லிவைக்கும் கன்ஃபிக் ஃபைல் அது. பல இடங்களில் அந்த ஃபைலை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

துறைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஒருவர் எழுதிய கோடு, அதாவது புரோகிராம் வரிகள், டீமின் பொதுக் கோடோடு சேரும் முன் இன்னொருவர் படித்துப் பார்ப்பதுதான் ரிவ்யூ. அதில் இயந்திரத்தின் உதவி புதிதல்ல. 1978-லேயே பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன், சி மொழிக் கோடில் சந்தேகத்துக்குரிய இடங்களைச் சுட்டிக்காட்ட 'லின்ட்' என்ற கருவியை எழுதிவிட்டார்.

கருவி இருந்தால் போதுமா என்பதற்கு 2014 பிப்ரவரியில் ஆப்பிளுக்கு நடந்ததைச் சொல்லலாம். ஐஃபோன் ஒரு இணையதளத்தோடு பாதுகாப்பாகப் பேசுகிறதா என்று சரிபார்க்கும் கோடில் 'கோட்டு ஃபெயில்' (goto fail) என்ற ஒரே வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. இரண்டாவது வரி எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாமல் ஓடியதால், அதற்குக் கீழே இருந்த சோதனை நடக்கவே இல்லை. போலித் தளத்தையும் ஃபோன் நம்பும் நிலை. இப்படி எட்ட முடியாமல் கிடக்கும் கோடைக் காட்டிக்கொடுக்கும் எச்சரிக்கை, கோடை இயந்திர மொழிக்கு மாற்றும் கிளாங் கம்பைலரில் அப்போதே இருந்தது. ஆனால் வழக்கமாக எல்லோரும் போடும் எச்சரிக்கைத் தொகுப்பில் அது கிடையாது, தனியாகக் கேட்டுப் போட வேண்டும். கன்ஃபிக் ஃபைல் என்றாலே எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

நம் ஊரில் நடப்பது வேறு மாதிரி. கருவியை வாங்கி, வந்தபடியே ஓடவிட்டு விடுகிறார்கள். எங்களிடம் நேர்காணலுக்கு வரும் பிள்ளைகள் பலர் சொல்லக் கேட்கிறேன்: முதல் புல் ரிக்வெஸ்ட் (என் கோடைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) போட்ட அன்றே திரை நிறைய கமென்ட். பெயர் சின்னதாக இருக்கிறது, இங்கே ஒரு இடைவெளி குறைகிறது, வரி நீளமாகிவிட்டது, இந்த ஃபங்ஷனுக்கு விளக்கம் எழுதவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எது நிஜமாகவே ஆபத்து, எது வெறும் அழகு என்று அதற்குப் புரிய வழியில்லை. அப்புறம் கமென்டைப் படிக்காமலேயே 'சரி செய்துவிட்டேன்' என்று மூடப் பழகிவிடுகிறது.

எங்கள் வேலையில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். 0.1-ஐயும் 0.2-ஐயும் கம்ப்யூட்டரில் ஃப்ளோட் எண்ணாக (தசமப் புள்ளி எண்களைத் தோராயமாக வைக்கும் முறை) கூட்டினால் 0.3 வராது, 0.30000000000000004 என்று வரும். இந்தக் கணக்கில் ஒரு இன்வாய்ஸைப் போட்டு, வரியை சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று பிரித்து ரவுண்டு செய்தால் எங்கோ ஒரு பைசா இடிக்கும். வந்தபடியே ஓடும் கருவிக்கு ஃப்ளோட் குற்றமே அல்ல, அந்த மொழியில் அது முறையான எண்தான். அந்த ஃபோல்டரில் இருப்பது பணம் என்று டீம்தான் சொல்ல வேண்டும்.

அதனால் எங்கள் ஃபைலில் மெர்ஜை நிறுத்தும் விதிகள் மூன்றே மூன்று. கோடுக்குள் பாஸ்வேர்டோ, வெளிச் சேவைகளைத் திறக்கும் ரகசிய ஏ.பி.ஐ. கீயோ இருக்கக் கூடாது. டெஸ்ட் எதுவும் தோற்கக் கூடாது. பில்லிங் ஃபோல்டரில் ஃப்ளோட் வரக் கூடாது. இடைவெளி, வரி நீளம் எல்லாம் ஃபைலை சேவ் செய்யும்போதே ஃபார்மேட்டர் சரிசெய்துவிடும், அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. கருவிகள் தாமே உண்டாக்கும் ஃபைல்களை ரிவ்யூவிலிருந்து விலக்கி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு விதிக்கும் கீழே அது ஏன் என்று தமிழிலேயே எழுதியிருக்கிறோம். ஃப்ளோட் விதியின் கீழ் இருப்பது இது: "பணத்தைப் பைசாவாக, முழு எண்ணில் வை. பார்ட்டியின் லெட்ஜரோடு ஒரு பைசா ஒத்துவராவிட்டாலும் அவர்கள் அக்கவுன்டன்ட் பில்லைத் திருப்பி அனுப்புவார்." புதிதாக வரும் பிள்ளைகள் இதைப் படித்ததும் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஏ.ஐ. ரிவ்யூவும் எங்களிடம் உண்டு, நல்ல யோசனைகள் சொல்லும். ஆனால் அதன் கமென்ட் மெர்ஜைத் தடுக்காது. ஒரே கோடுக்கு இன்று ஒன்று, நாளை வேறொன்று சொல்லக்கூடியதிடம் கதவின் சாவியைக் கொடுக்க எனக்கு மனமில்லை. கடைசியில் ஒரு மனிதர் படித்து ஒப்புதல் தந்தே ஆக வேண்டும்.

எப்போது சொல்கிறோம் என்பதும் இதே அளவு முக்கியம். ஃபேஸ்புக்கில் 'இன்ஃபர்' என்ற கருவியை முதலில் இரவு முழுக்க ஓடவிட்டு, பிழைப் பட்டியலைப் பிறகு இன்ஜினியர்களிடம் கொடுத்தார்கள். ஏறக்குறைய யாருமே எதையும் திருத்தவில்லை. அதே கருவியை, கோடை மாற்றி ரிவ்யூவுக்கு அனுப்பும் நேரத்திலேயே கமென்ட் போடும்படி மாற்றியதும் 70 சதவீதத்துக்கு மேல் திருத்தப்பட்டன. இதை அவர்களே 2019-ல் கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். கூகுளில் கருவி போடும் ஒவ்வொரு கமென்டிலும் 'பயனில்லை' என்று அழுத்த ஒரு பட்டன் வைத்தார்கள். ஒரு சோதனை சொல்வதில் பத்தில் ஒன்றுக்கு மேல் பயனற்றது என்றானால், அந்தச் சோதனையை எழுதியவர் அதைத் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் அது நிறுத்தப்படும். பத்து வருடப் பழைய கோடு முழுவதையும் ஸ்கேன் செய்து ஆயிரக்கணக்கில் வார்னிங் காட்டும் ரிப்போர்ட்டை மானேஜருக்கு மெயில் அனுப்புவது வீண் வேலை. மாறிய வரிகளை மட்டும் பாருங்கள், பழையது கை படும்போது சரியாகட்டும்.

இன்னொன்று, அந்த கன்ஃபிக் ஃபைலையே யார் மாற்றலாம் என்பது. ரிலீஸ் நெருக்கடியில் ஒருவர் தன் கோடோடு சேர்த்து விதியையும் தளர்த்தி, அதே புல் ரிக்வெஸ்டில் அனுப்பிவிடலாம். எந்தக் கருவியும் வாயைத் திறக்காது. எந்த ஃபைலுக்கு யார் பொறுப்பு என்று குறித்து, அவர் ஒப்புதல் இல்லாமல் மெர்ஜ் ஆகாதபடி செய்யும் வசதி, டீம்கள் கோடை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் 2017-லிருந்து இருக்கிறது. முதலில் பூட்ட வேண்டியது கன்ஃபிக் ஃபைலைத்தான். ஓரிடத்தில் விதியை விலக்கியே ஆக வேண்டுமென்றால் பக்கத்திலேயே காரணம் எழுதட்டும்.

சிறிய நிறுவன முதலாளிகளிடம் நான் கேட்பது, கருவிக்குச் சந்தா கட்டும் அதே வாரத்தில் டீமுக்கு ஒரு மதியப் பொழுதையும் ஒதுக்குங்கள். பிரெஷர் முதல் சீனியர் வரை எல்லோரும் உட்கார்ந்து, கடந்த வருடம் கஸ்டமரிடமிருந்து வந்த புகார்களை எடுத்து வைத்து, எவற்றை ஒரு விதி தடுத்திருக்கும் என்று பாருங்கள். உங்கள் ஃபைலில் முதலில் ஏற வேண்டிய விதிகள் அங்கேதான் இருக்கின்றன. பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு பிராஜெக்டில் மாணவர்கள் இந்த ஃபைலைத் தாங்களே எழுதட்டும், வைவாவில் ஒவ்வொரு விதியும் ஏன் என்று கேளுங்கள். அதற்குச் சில மதிப்பெண்களும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டீம் லீடு,
சரவணம்பட்டி, கோயம்புத்தூர்