கூத்தும் நாடகம்தான் என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் நுண்கலை மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

கடந்த மாதம் நம் பகுதிக் கல்லூரி ஒன்றில் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் ஒரு கடிதம் கேட்டுப் போனார். எந்தெந்தக் கூத்தில் எந்த வேடம் கட்டினார் என்று கல்லூரி முத்திரையோடு ஒரு பக்கம். அவ்வளவுதான். "கூத்து எப்படித் தம்பி நாடகக் கணக்குல வரும்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த மடல்.

டெல்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்புக்கு ஒரு பட்டமும், குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கேற்றதற்கான ஆவணமும் கேட்டு வந்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சென்னையிலோ பெங்களூரிலோ நாடகக் குழுவில் இருக்கும் மாணவரிடம் அச்சிட்ட சிற்றேடு இருக்கும், அதில் அவர் பெயர் இருக்கும். நம் பிள்ளைகளிடம் இருப்பது கூத்து நோட்டீஸ். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே திரௌபதி அம்மன் படம், ஊர், நாள், கூத்தின் பெயர், ஜமா எனும் கூத்துக் குழுவின் பெயர், அதை நடத்தும் வாத்தியார் பெயர். மிச்சம் முழுவதும் உபயதாரர்கள், தர்மகர்த்தா, பந்தல், மைக்செட். துரியோதனன் யார், பாஞ்சாலி யார் என்று அதில் ஒரு வரி இருக்காது. பத்து ஊரில் விடிய விடிய, மரக் கிரீடமும் அணிகளும் பூட்டும் கட்டை வேடம் கட்டியவர் ஆறு நாடகத்துக்குச் சான்று காட்ட முடியாமல் நிற்கிறார். அவர் அருந்ததியர் குடியிருப்பிலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ வந்தவரென்றால் பரிந்து பேசவும் ஆள் இல்லை.

வாத்தியார் எழுதித் தரமாட்டாரா என்று கேட்பீர்கள். தருகிறார். "இவர் எங்கள் ஜமாவில் பல கூத்துகளில் நடித்துள்ளார்" என்று கோடு போட்ட தாளில் எழுதி, தேதி போடாமல் கையெழுத்திடுவார். அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வேண்டியது ஆறு கூத்துக்கு ஆறு வரி: கூத்தின் பெயர், வேடம், ஊர், தேதி, ஜமா, வாத்தியார். மாணவர் பெயர் பட்டச் சான்றிதழில் உள்ளபடியே, இனிஷியலோடு இருக்க வேண்டும். ஊரில் "முனி", சான்றிதழில் "முனியப்பன்" என்றிருந்தால் அங்கேயே சிக்கல். ஒவ்வொரு வரிக்கும் அந்த நோட்டீசின் நகலும், வேடத்தோடும் வேடம் இல்லாமலும் எடுத்த இரண்டு படங்களும் பின்னால் வரட்டும். அரிதாரத்துக்குள் இருப்பது இவர்தான் என்று வேறெப்படிக் காட்டுவது? சந்தேகம் இருந்தால் பொறுப்பாசிரியர் ஒருவர் ஓர் இரவு கூத்துக்கு வந்து பார்க்கட்டும். கோயில் கமிட்டியிடம் விசாரிக்கட்டும். கல்லூரித் தாளில், முத்திரையோடு, அந்த ஒரு பக்கத்தைத் தாருங்கள்.

இரண்டாவதாக, வாரத்தில் இரண்டு மாலை, கதவு சாத்தக்கூடிய ஓர் அறை. ஏன் அறை என்றும் சொல்லிவிடுகிறோம். கூத்துக்காரர் குரல் திறந்த வெளிக்குப் பழகிய குரல். கடைசி வரிசையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் கிழவியையும் எழுப்ப வேண்டிய குரல். நாடகப் பள்ளியின் தேர்வறையிலோ பத்தடி தூரத்தில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே அதே குரல் கூச்சலாகக் கேட்கும். குரலை அமுக்கச் சொன்னால் பிள்ளைகள் மூச்சையும் சேர்த்து அமுக்குவார்கள், வல்லினம் மழுங்கிவிடும். ஒரே வசனத்தை ஐம்பதடி, இருபதடி, ஆறடி என்று மூன்று தூரத்துக்குச் சொல்லிப் பழக வேண்டும். ஒலி குறையலாம், மூச்சும் எழுத்தும் குறையக்கூடாது. இதை வாகன நிறுத்தத்தில் நின்று பழக முடியாது.

நேரமும் அப்படித்தான். கூத்தில் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, திரை விலக்கி, சுழன்றாடும் கிறுகியை முடிப்பதற்கே கால் மணி நேரம் போகும். தேர்வில் நடித்துக் காட்டும் ஒரு பகுதிக்கு இரண்டு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம். எழுதினால் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. குணம் மாறுபட்ட இரண்டு பகுதி வேண்டும். ஒன்றில் கோபம் என்றால் மற்றதிலும் கோபம் வேண்டாம். ஆர்மோனியம் இல்லாமல் பாடும்போது பிள்ளைகள் சுருதியை மேலே எடுத்துவிட்டு இரண்டாவது அடியில் திணறுகிறார்கள். கைப்பேசியில் சுருதி வைத்து, தமக்கான கட்டையை, அதாவது சுருதி அளவை, மனதில் பதியவைக்க வேண்டும். நடித்து முடித்தபின் "இதையே துணி துவைத்துக்கொண்டே ரகசியமாகச் சொல்" என்று தேர்வாளர் கேட்டால், தோற்றுவிட்டோம் என்று உறைந்துபோகிறார்கள். சொன்னபடி மாற்றிச் செய்கிறாரா என்று பார்க்கத்தான் அப்படிக் கேட்பது. கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் வேடம் கட்டியவருக்கு இது கைவந்த கலை. அதை யாராவது அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசுகிறவர்கள். தமிழ் உச்சரிப்பைக் காரணம் காட்டி ஆண்டுவிழா நாடகத்தில் அவர்களுக்கு மூன்று வரி வேடம் தருகிறீர்கள். கறுத்த, ஒல்லியான பையனுக்குக் குடிகாரன், வேலைக்காரன், திருடன். மூன்றாண்டு இப்படிப் போனால் மூன்று நிமிடம் தனியாக மேடையைத் தாங்கிய பழக்கமே அவருக்கு இருக்காது. தேர்வறையில் அவர் தடுமாறுவது அதனால்தான். கூத்தில் ராஜா வேடம் கட்டும் பிள்ளைக்கு உங்கள் மேடையில் எடுபிடி வேடம் என்பது எங்களுக்கு வலிக்கிறது. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே தேசிய நாடகப் பள்ளியின் மையம் ஓராண்டுப் படிப்பு நடத்துகிறது. கர்நாடகத்தின் ஹெக்கோடு ஊரில் உள்ள நீநாசம் நாடகப் பள்ளியில் கன்னடத்திலேயே ஓராண்டு படிக்கலாம். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி உருவானது. இவற்றில் ஒன்றாவது உங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டதுண்டா?

சான்றிதழ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவினர்) அல்லாதோர் என்று ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் அளவில் வழங்கப்படுவது, விசாரணைக்கே மாதக்கணக்கில் ஆகலாம். விண்ணப்ப அறிவிப்பு வந்தபின் அலைந்தால் கிடைக்காது. இரண்டாமாண்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

கபடிக்குப் போகும் மாணவருக்கு ஓ.டி. உண்டு, வராத நாளும் வந்ததாகக் கணக்காகும். அது நியாயம். பங்குனியிலும் சித்திரையிலும் கூத்துக்குப் போகிறவருக்கு வருகைப்பதிவு குறைகிறது, அபராதம், தேர்வெழுதத் தடை. அமைச்சர் வருகிறார் என்றால் மட்டும் வாசலில் நின்று ஆட அதே பையனைத் தேடி ஆள் அனுப்புகிறீர்கள். அவரிடம் இருப்பது கலை என்று அன்றைக்குத் தெரிகிறதல்லவா? அதைத்தான் தாளிலும் எழுதச் சொல்கிறோம். கடுமையாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணிவோடு மறுபடியும் கேட்கிறோம்: கல்லூரித் தாளில் ஆறு வரிக் கடிதம், வாரம் இரண்டு மாலை ஓர் அறை. பயிற்சி தர நாங்கள் வருகிறோம், பணம் வேண்டாம். வரும் பங்குனிக் கூத்துகளுக்கு நோட்டீஸ் அச்சாகும்போது வேடக்காரர் பெயர்களையும் போடச் சொல்லி ஜமா வாத்தியார்களிடம் பேசத் தொடங்கிவிட்டோம். ஆனால் இந்த ஆண்டு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு அது உதவாது. அவர்களுக்கு உங்கள் கடிதம்தான் வேண்டும். இந்த மாதத்துக்குள் தாருங்கள்.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நாடகப் பயிற்சியாளர்கள்